கையில் தாடை உள்ளவர் பேசலாம்

"நிறுத்து, நிறுத்து" என்று எங்கள் தெருப் பல்செட்டுக்காரர் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு, தானே பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்துகிறார். திரையில் ஏதோ ஒரு நாட்டு வெளியுறவு அமைச்சர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து, திரையாகக் கட்டிய படுக்கை விரிப்பின் அருகே போய், மெழுகு ஒட்டிய சுட்டுவிரலால் அமைச்சரின் மேல்வரிசையைத் தொட்டுக் காட்டுகிறார்.

"முன்னாடி ஆறும் சொந்தப் பல்லு இல்ல. சிரிப்பு அதோட நின்னு போச்சு பாருங்க, கடைவாய் வரைக்கும் போகவே இல்ல. இந்த ஆளு போடற கையெழுத்து தங்காது."

பத்து நிமிடத்தில் அமைச்சர் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறார். அறையில் இருக்கும் பதினைந்து பேரும் வாயைப் பிளக்கிறார்கள். பிளந்த வாய்களை இவர் வரிசையாக ஒரு நோட்டம் விடுகிறார். தொழில் புத்தி.

படத்தை அவர் முன்னதாகவே இரண்டு தடவை பார்த்துவிடுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "முதல் தடவை நாட்டைப் பார்ப்பேன். ரெண்டாவது தடவை பல்லைப் பார்ப்பேன். ஒரே நேரத்துல ரெண்டையும் பார்க்க முடியுமா?" என்றார்.

தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர் என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே திருத்துவார்: "டாக்டர் பிடுங்குவாரு. நான் நடுவேன்." ஊரில் உள்ள டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து, ஒரு நம்பர் சீட்டை ஒட்டி இவருக்கு அனுப்புகிறார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடை வார்த்து, அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்கி, சரிபார்க்க டாக்டருக்கு அனுப்பி, அப்புறம் கெட்டிப்படுத்திக் கொடுக்கிறார். யாருடைய வாய் என்பது இவருக்குத் தெரிவதில்லை. வெறும் நம்பர். தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தானாகத் தெரிந்துவிடுகிறது.

மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் முன்னறை அவருடைய பட்டறை. மேசை, சின்ன அடுப்பு, மெழுகுக் கத்தி, எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு. மின்விசிறி இறக்கையில் மாவு, காலண்டரில் மாவு, அவருடைய கண்ணிமையில் மாவு. அந்த அறையில் ஓர் ஈ உட்கார்ந்தால் வெள்ளை ஈயாகத்தான் எழுந்து போகும்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் பத்து வருடப் பழக்கமுள்ளவரைப் பார்த்தாலும், "என்ன, கீழ் இடது கடைவாய் சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார். அதனால் தெருவில் அவரைக் கண்டதும் பலர் சிரிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். மரியாதைக்காக அல்ல, மதிப்பெண் போட்டுவிடுவாரே என்ற பயத்தில்.

நான்கு வருடத்துக்கு முன்பு, நூலகத்தில் கழித்துப் போட இருந்த ப்ரொஜெக்டர் ஒன்றை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். தொலைக்காட்சி விவாதங்கள் அவருக்குப் பிடிப்பதில்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒருவன் பல்லுகூடச் சரியாகத் தெரிவதில்லை என்பது குறை. ஆகவே வெளிநாட்டு ஆவணப்படங்களாகத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்குப் பட்டறையின் பின்னறையில் போட ஆரம்பித்தார். அந்தப் பின்னறை தாடைகளைக் காயவைக்கும் இடம். ஜன்னல் ஓரமாக ஒரு நீள அலமாரி, அதில் வரிசையாகத் தாடைகள். எண்ணெய்க் கிணற்றுச் சண்டை, எல்லைக் கம்பிவேலி, அகதிக் கப்பல், தேர்தல் தில்லுமுல்லு, உருகும் பனிமலை என்று உலகத்தில் எது நடந்தாலும் இருபது தாடைகள் சாட்சியாகத்தான் எங்கள் தெருவில் நடந்தது.

அவருடைய மனைவி மின்சார அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருபவர். நாள் முழுக்க ஊராரிடம் பேச்சு வாங்கிவிட்டு வருகிற அந்த அம்மாள் இதைச் சுருக்கமாக வருணித்தார்: "மத்த ஆம்பளைங்க சின்ன வீடு வச்சுக்கறாங்க. இவரு உலகத்தை வச்சிருக்காரு. பெரிசா செலவில்ல. என்ன, சனிக்கிழமைன்னா நாற்காலி நிறையப் போடணும்."

படங்கள் வேற்று மொழியில் இருக்கும். அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படித்து உடனுக்குடன் தமிழில் சொல்வது அவர் பொறுப்பு. இந்த மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பிரதமர் ஐந்து நிமிடம் கையை ஆட்டி, மேசையைத் தட்டி, கண் கலங்கிப் பேசி முடிப்பார். நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணும் தர மாட்டேங்கறான்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு தளபதியின் அரைமணி நேர வாக்குமூலம் "நான் இல்ல, அவன்" என்று முடிந்தது. ஐ.நா. சபைத் தீர்மானம் ஒன்றுக்கு, "பார்க்கலாம்னு சொல்றாங்க." மீதியெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், "மெழுகுல வேண்டாததைச் செதுக்கி எடுத்தாத்தானே பல்லு தெரியும்" என்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. தாமதமாக வந்தவர்களுக்காகப் படத்தைப் பின்னால் ஓட்ட மாட்டார். எங்கள் தெருவில் குடியிருக்கும் கண்டக்டர் ஒருநாள் பஸ் பழுதாகி முக்கால் மணி கழித்து வந்து, "அண்ணே, கொஞ்சம் முதல்லேர்ந்து..." என்று இழுத்தார். "லேட்டா வந்தவனுக்காக உலகம் பின்னாடி போகாதுப்பா" என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். மனைவி அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தபோதும் இதே பதில்தான். அன்று தேநீர் வரவில்லை என்பது வேறு விஷயம்.

படம் முடிந்ததும் விவாதம். அதற்கும் ஒரு சட்டம், சுவரில் அட்டையில் எழுதித் தொங்குகிறது: கையில் தாடை உள்ளவர் பேசலாம். மற்றவர்கள் தாடை மூடியிருக்க வேண்டும்.

செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போன யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அது. பல் இல்லாத வெறும் ஈறு, பிளாஸ்டரில், குதிரை லாடம் மாதிரி. அலமாரியின் வலது கோடியில் அதற்கென்று ஓர் இடம். படம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி அதை எடுத்து முதல் வரிசையில் கொடுப்பார். கண்டக்டர் அதை வாங்கியதும் முழங்காலில் டக் டக்கென்று தட்டிக்கொண்டுதான் பேசுவார். டிக்கெட் கிழித்த கை. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அட்சரேகையில் ஆரம்பித்துத் தீர்க்கரேகை வரை போவார். திருப்பித் தர மாட்டார். பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா எதிரே போய் நின்று, தெர்மாமீட்டரைத் திருப்பிக் கேட்கிற மாதிரி பேசாமல் கையை நீட்டினால்தான் கொடுப்பார். மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடுகிற அம்மாள் மின்விசிறிக் காற்றுக்காக வந்து கடைசி வரிசையில் உட்காருபவர். தாடை தன்னிடம் வந்தால் சுடுகிற பொருளை வாங்கியதுபோல அடுத்தவர் மடியில் போட்டுவிடுவார். "எனக்கென்னங்க தெரியும், வெளியூரு சண்டை."

பல்செட்டுக்காரர் மட்டும் ஒருநாளும் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதில்லை. "நான் படம் போடறவன். போடறவன் கருத்து சொல்லக் கூடாது" என்பது கொள்கை. படம் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருப்பது கணக்கில் வராது. அது மொழிபெயர்ப்பு.

இப்படி நான்கு வருடம் உலகம் எங்களை எந்த விதத்திலும் பாதிக்காமல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நதிப் படம் வந்து கெடுத்தது.

ஒரே நதி, இரண்டு நாடுகள். மேலே இருக்கிற நாடு அணை கட்டி மதகை இறக்கிவிட்டது. கீழே இருக்கிற நாட்டில் வயல் வெடித்துக் கிடக்கிறது. ஒரு பெண் காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். படம் முடிந்தது. அவர் வழக்கம்போல் கையைப் பின்னால் நீட்டித் தாடையை எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் முழங்காலில் தட்டித் தட்டி மேல் நாட்டைத் திட்டினார். பூகோள சார் பன்னாட்டு நீர்ச் சட்டங்களைச் சொல்ல ஆரம்பித்து மூன்றாவதில் நர்ஸ் அக்காவிடம் பறிகொடுத்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. இஸ்திரி அம்மாள்.

"அந்த நாட்டை விடுங்க" என்றார். "நம்ம கட்டடத்துல காலையில எட்டு மணிக்கு மேல கீழ் குழாயில சொட்டுத் தண்ணி வருதா? துணிக்குத் தெளிக்கத் தெருக்கோடிக்குப் போய்த் தூக்கிட்டு வரேன், ரெண்டு மாசமா. வால்வு எங்க இருக்கு? மொட்டை மாடியில. மொட்டை மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி மாடிக்காரரிடம் இருக்கிறது. கட்டடத்தின் சொந்தக்காரர், மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். பட்டறையும் பின்னறையும் அவர் வாடகைக்கு விட்டவை. இஸ்திரி அம்மாள் இருபது நிமிடம் தாடையை விடவில்லை. நான்கு வருடம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. பேசி முடித்தபோது அறையில் இருந்த அத்தனை பேரும் கடைமடை நாட்டின் குடிமக்களாகியிருந்தார்கள். பேசி முடித்த அம்மாள், கையில் எதையாவது எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கமுள்ளவர். தாடையை அலமாரியில் பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

மறுநாளே உடன்படிக்கை தயாரானது. வாசகம் பூகோள சாருடையது. "மேல்மடை வீடு, கடைமடை வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றி வால்வை மூடலாகாது" என்று தொடங்கி, ஏழு ஷரத்துகள், ஒரு பின்னிணைப்பு. பதினொரு பேர் கையெழுத்திட்டு, அதை மாடிக்காரர் வீட்டுக் கதவிடுக்கில் செருகினார்கள். முதல் கையெழுத்து இஸ்திரி அம்மாளுடையது, கொட்டை எழுத்தில். பல்செட்டுக்காரர் மட்டும் போடவில்லை. "நான் நடுநிலை நாடு" என்றார். நடுநிலை நாட்டுக்கும் மாவு குழைக்கத் தண்ணீர் இல்லைதான்.

திங்கட்கிழமை மாலை மாடிக்காரர் இறங்கி வந்தார். வாயை மறைத்து ஒரு துண்டு. எல்லாப் பற்களையும் பிடுங்கி இரண்டு மாதம். கோபத்தில் துண்டை எடுத்துவிட்டு, பட்டறை வாசலில் நின்று பதினொரு நிமிடம் பேசினார். இஸ்திரி மேசையருகே நின்ற எங்களுக்கு ஃப, வ, ம என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே கேட்டன. பல் இல்லாதவர் பேச்சு ஒரு தனி மொழி. அதைத் தாய்மொழிபோல அறிந்தவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். செட் உடைந்தால் நேரே பட்டறைக்கு ஓடி வருகிற கிழவர்களால் முப்பது வருடமாக அவர் காது அதில் பழகியிருக்கிறது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மாடிக்காரர் படியேறிப் போனதும் கண்டக்டர் ஓடி வந்தார்.

"என்ன அண்ணே சொல்றாரு?"

"மாசக் கடைசி சனிக்கிழமை பின்னறையைப் பூட்டறாராம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"மத்ததெல்லாம் மந்திரிங்க சொல்றதுதான்."

அறை போனால் படம் இல்லை. பட்டறையில் நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் அடுப்பில்தான் உட்கார வேண்டும். அவர் யாரிடமும் புலம்பவில்லை. ஆனால் அந்த வாரம் ஒரு பல்செட்டில் கடைவாய்ப் பல்லை முன்வரிசையில் அடுக்கிவிட்டார் என்று மனைவி வந்து சொன்னார். "சாப்பிடறப்ப எந்த நாட்டைப் பத்தியும் பேச மாட்டேங்கறாரு. பயமா இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். நாற்பத்தேழாம் நம்பர் மெழுகு செட் வாயில் உட்காரவே இல்லை, ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, வார்த்த தாடையையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து பாருங்கள் என்றார். இவர் போனார். நாற்காலியில் அண்ணாந்து, விளக்கு வெளிச்சத்தில் வாயை ஆவென்று திறந்தபடி மாடிக்காரர் படுத்திருந்தார்.

தன் வாய் தன் குடித்தனக்காரன் கையில் போய்விடக் கூடாது என்றுதான் மாடிக்காரர் இரண்டு பஸ் மாறி அந்த டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த டாக்டர் முப்பது வருடமாக அச்செல்லாம் அனுப்புவது இந்தக் குடித்தனக்காரனிடம்தான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரையும் பல்லை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பவருக்குப் பல்லே இல்லாத தாடையில் ஆள் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தது, பேச முடியவில்லை. மற்றவர் வாய் மூடியிருந்தது, அவருக்கும் முடியவில்லை.

அவர் பிளாஸ்டர் தாடையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். விளிம்பு அங்கங்கே உதிர்ந்திருந்தது, எதிலோ தட்டித் தட்டி உதிர்ந்த மாதிரி. அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். மெழுகு வைக்கும்போதே அதைப் பார்த்திருந்தார். பென்சில் கறை என்று நினைத்துவிட்டார். இப்போது முகர்ந்து பார்த்தார். இஸ்திரிப் பெட்டிக் கரி.

நதிப் படத்தன்று காலையில் மனைவி அலமாரியைத் துடைத்து, தாடைகளை ஒவ்வோர் இடம் வலப்பக்கம் தள்ளி வைத்ததில், பேச்சுத் தாடை இடது கோடிக்குப் போயிருந்தது. இவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டியதில் வலது கோடியில் கிடைத்தது நாற்பத்தேழாம் நம்பர். மாடிக்காரரை மாடிக்காரரின் தாடையாலேயே அன்று ஊர் கூடித் திட்டியிருக்கிறது.

அச்சு சரியில்லையோ என்று டாக்டரே சந்தேகப்பட்டு ஒரு வழி காட்டினார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. "அச்சு நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். தப்பு என் பக்கம்" என்றார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. டாக்டர் மறுபடி அச்செடுத்தார். பல் வர இன்னும் மூன்று வாரம். அதுவரை மாடிக்காரருக்குக் கரைத்துக் குடிக்கிற சாப்பாடுதான்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் முழுவதையும் சொன்னார். அந்த அம்மாள் கவுன்ட்டர் அனுபவத்தில் ஆலோசனை வழங்கினார். "வாயை மூடிக்கிட்டு இருங்க. பல்லு வந்தா மனுஷனுக்குப் பாதிக் கோபம் இறங்கிடும். அப்ப ரூமைக் கேட்போம். இப்பப் போய் உங்க தாடையை வச்சுத்தான் உங்களைத் திட்டினோம்னு சொன்னீங்கன்னா, ரூம் இல்ல, பட்டறையும் போயிடும்." அவர் ஒத்துக்கொண்டார். நாட்டு நலனுக்காகச் சில உண்மைகளைத் தள்ளிப்போடுவது உலக வழக்கம்தானே என்றாராம்.

மாசக் கடைசி சனிக்கிழமை வந்தது. கடைசிப் படம் என்று கூட்டம் அதிகம். நர்ஸ் அக்கா வார்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். படம் ஓர் அணை உடைந்து ஊர்கள் மூழ்கியதைப் பற்றியது. விசாரணைக் கமிஷன் முன்னால் ஒரு கிழ இஞ்சினியர் உட்கார்ந்திருக்கிறார். மதகைத் திறக்க வேண்டாமென்று கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்கிறார்கள். பின்னறைக் கதவு திறந்து, வாயில் துண்டும் கையில் பெரிய பூட்டுமாக மாடிக்காரர் வந்து நின்றது அப்போதுதான். படம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போகலாம் என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

இவர் பழக்க தோஷத்தில் இஞ்சினியரின் வாயில் படத்தை நிறுத்தினார். எழுந்து போய் விரலை நீட்டியவர், பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப இந்த ஆளு என்ன சொல்லணும்?" என்று மட்டும் கூட்டத்தைக் கேட்டார். தாடை சுற்றி வந்தது. இந்தத் தடவை சரியான தாடை. "ஒத்துக்கணும்" என்றார் கண்டக்டர், முழங்காலில் தட்டி. "ஒத்துக்கறதுதான் நியாயம்" என்றார் பூகோள சார், அதிசயமாக ஒரே வரியில். நர்ஸ் அக்காவும் அதையே சொன்னார். இஸ்திரி அம்மாள், "சொல்லித் தொலைச்சிட்டா அவருக்கும் தூக்கம் வரும்" என்று சொல்லித் தாடையை அலமாரியில் வைக்க எழுந்தார்.

பல்செட்டுக்காரர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். நான்கு வருடத்தில் முதல் தடவை. கதவருகே நின்ற மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தார். உதிர்ந்த விளிம்பும் கரித் தடமுமாக இன்னொரு தாடை. "இது யாருதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நதிப் படத்தன்னிக்கு நாம பேசினது இதை வச்சுத்தான். தெரியாம எடுத்துக் கொடுத்துட்டேன். இது மாடிவீட்டு சாரோட தாடை. அதனாலதான் அவருக்குப் பல்லு உட்காரல. இன்னும் மூணு வாரம் அவரு கஷ்டப்படறதுக்குக் காரணம் நான்."

இஸ்திரி அம்மாள் தன் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

மாடிக்காரர் முன்னால் வந்து, தன் தாடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கையில் தாடை இருந்ததால் அறை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. அவர் துண்டை இறக்கினார், பேசினார். ஃப, வ, ம. எல்லாரும் பல்செட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரே வரியில் முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

"'நீயெல்லாம் ஒரு தொழில்காரனா'ன்னு கேக்கறாரு. என்னை" என்று ஆரம்பித்தார். "'என் வாயை எடுத்து ஊரார் கையில கொடுத்திருக்க. மூளை இருக்கா, மாவுதான் இருக்கா.' அதுவும் எனக்குத்தான். 'ரெண்டு மாசமா நான் பேசறது ஒருத்தனுக்கும் புரியல. கட்டின பொண்டாட்டிக்கே சீட்டுல எழுதிக் காட்டறேன். வால்வை நான் மூடவே இல்ல. அது துருப்பிடிச்சுப் பாதியில மாட்டிக்கிட்டு நிக்குது. பிளம்பருக்குப் போன் போட்டேன். எவனோ குடிச்சிட்டு உளறறான்னு வச்சிட்டான். மூணு தடவை வச்சிட்டான்.'"

ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. மாடிக்காரர் மூச்சு வாங்கும்போது இவரும் வாங்கினார்.

"'இதைத்தான் அன்னிக்குத் திங்கட்கிழமை பட்டறை வாசல்ல நின்னு பதினோரு நிமிஷம் சொன்னேன். ஊர்ல இவன் ஒருத்தனுக்காவது என் பேச்சு புரியும்னுதான் இறங்கி வந்தேன்.'"

இங்கே மொழிபெயர்ப்பு நின்றது. கண்டக்டர் தாடை இல்லாமலே பேசிவிட்டார்: "அண்ணே, பூட்டறாராம்னு மட்டும்தானே அன்னிக்குச் சொன்னீங்க?"

"ஆமா" என்றார். "சாக்கு சொல்றாருன்னு நினைச்சேன். சுருக்கிட்டேன்."

மாடிக்காரர் தொடர்ந்தார். இவரும் தொடர்ந்தார், குரல் கொஞ்சம் இறங்கி. "'பூட்டறேன்னது கடைசியில கோபத்துல வந்த வார்த்தை. பத்து நிமிஷத்தை விட்டுட்டு இவன் அதை மட்டும் எடுத்துக்கிட்டான்.'"

இஸ்திரி அம்மாள் மெல்ல எழுந்து, பிளம்பர் நம்பரைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், தனக்குக் குரல் நன்றாகவே கணீரென்று இருக்கிறது என்றார். மாடிக்காரர் அந்த அம்மாளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். வாய் திறந்தபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார் இஞ்சினியர். மாடிக்காரர் பூட்டை அலமாரியின் வலது கோடியில், காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் தாடையை மடியில் வைத்துக்கொண்டார். குனிந்தபடி ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்.

"என்ன சொல்றாரு?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள்.

பல்செட்டுக்காரர் மாவு படிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ப்ரொஜெக்டரிடம் போய், நான்கு வருடத்தில் ஒருநாளும் தொடாத பின்னோட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். இஞ்சினியர் வாயை மூடினார், நாற்காலியிலிருந்து எழுந்தார், பின்பக்கமாக நடந்து வெளியே போனார். மூழ்கிய ஊர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து மேலே வந்தன. படத்தின் பெயர் திரும்பத் திரையில் தெரிகிறவரை அவர் விரலை எடுக்கவில்லை.